வீட்டுக்குள் வந்த மர்மம்: தமிழ்க் குடும்பங்களும் துப்பறியும் கதை வாசிப்பும்

தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் வழக்கமாக ஒரே பாதையில் செல்கிறோம். 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் தொடங்குகிறோம். அடுத்து ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்', மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' ஆகியவற்றைத் தொட்டுவிட்டுக் கல்கிக்கு வந்து சேர்கிறோம். இந்தப் பாதையின் இருமருங்கிலும் ஒரு பெருங்கூட்டம் இருந்தது. கொலை, களவு, கடத்தல், ஆள்மாறாட்டம், காணாமற்போன உயில் ஆகியவற்றைச் சுற்றிப் பின்னப்பட்ட நாவல்களும், அவற்றை அடுப்படியிலும் திண்ணையிலும் ரயில் பெட்டியிலும் படித்த குடும்பங்களுமே அக்கூட்டம். பாடநூல்களில் இவை ஒரு வரியோடு முடிந்துவிடும். 'வணிக எழுத்து', 'பொழுதுபோக்கு' என்னும் சொற்கள் அந்த வரியில் தவறாமல் இடம்பெறும்.

அந்த ஒரு வரியை விரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். நாம் முன்வைக்கும் கருத்து எளியது. தமிழில் மர்மக்கதை குடும்பத்திற்கு வெளியிலிருந்து வந்து அதைக் கெடுத்த ஒன்றன்று. அது குடும்பத்தைப் பற்றியே பேசியது; குடும்பத்திற்குள்ளேயே படிக்கப்பட்டது; தமிழை வீட்டுக்குள் அன்றாட வாசிப்பு மொழியாக நிலைநிறுத்துவதில் பெரும் பங்காற்றியது. வீட்டில் தமிழ் குறைந்துவரும் இக்காலத்தில், இந்த வரலாறு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது.

நாவலுக்கு முன்னரே இருந்த இருள்

குற்றத்தைக் கதையாக்கும் வழக்கம் அச்சு நாவலோடு தமிழுக்கு வந்ததாகக் கருதுவது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒரு வழக்காகப் படித்துப் பார்க்கலாம். அரசியின் சிலம்பு காணாமற்போகிறது. உண்மையான திருடனே குற்றத்தை மற்றொருவன்மேல் சுமத்துகிறான். தீர விசாரியாமல் தண்டனை நிறைவேற்றப்படுகிறது. பின்னர் கண்ணகி அவைக்கு வந்து சான்றை முன்வைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. உடைபட்ட சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். ஓர் அரசின் வீழ்ச்சியைத் தீர்மானித்த அந்தத் தடயம், ஒரு மனைவியின் கால் அணியாக வீட்டில் இருந்த பொருள் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எளிய மக்களும் இருண்ட கதைகளுக்குப் புதியவர்கள் அல்லர். பஞ்சத்தாலும் அண்ணியின் கொடுமையாலும் வாழ வழியற்று, தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் உயிர்விட்ட நல்லதங்காளின் கதை 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளாக ஊர்தோறும் விற்றது. உண்மையில் நிகழ்ந்த கொலைகளைப் பாட்டாகக் கட்டி, மலிவுத்தாளில் அச்சிட்டுச் சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்ற 'கொலைச் சிந்து' நூல்கள் மற்றொரு வகை. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து பரவியதால் இவை 'குஜிலி நூல்கள்' என்றும் பெயர்பெற்றன. இவற்றை ஒருவர் உரக்கப் படிக்க அல்லது பாட, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டனர். எழுத்தறியாத பாட்டியும் அந்த வாசிப்பில் முழு உறுப்பினராக இருந்தார்.

துப்பறிவாளரின் வருகை

காவல்துறை, நீதிமன்றம், இரயில், தந்தி, அஞ்சல் ஆகிய புதிய ஏற்பாடுகள் தமிழ் வாழ்வில் வேரூன்றிய பின்னரே, குற்றத்தைத் தடயங்களின் வழியே அவிழ்க்கும் மனிதர் கதைகளில் தோன்ற முடிந்தது. நாட்டார் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பண்டித ச. ம. நடேச சாஸ்திரி, 1894இல் தானவன் என்னும் காவல் நிபுணனை மையமாகக் கொண்ட கதைகளை வெளியிட்டார். தமிழ்த் துப்பறியும் கதையின் தொடக்கமாக ஆய்வாளர் பலரும் சுட்டுவது இதனையே. பாட்டி சொன்ன கதைகளைச் சேகரித்தவரே துப்பறியும் கதைக்கும் வழிவகுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் மூவர் இத்துறையில் கோலோச்சினர். 'ஆனந்த போதினி' இதழின் ஆசிரியராக விளங்கிய ஆரணி குப்புசாமி முதலியார், ஆங்கிலேய எழுத்தாளர் ரெயினால்ட்ஸ் முதலியோரின் நாவல்களைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் தழுவி எழுதினார். அவர் படைத்த துப்பறிவாளர் ஆனந்தசிங். ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். அவருடைய 'இராஜாம்பாள்' பல பதிப்புகள் கண்டது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரோ மாறுவேடத்தில் வல்லவர்.

இந்நாவல்களின் கருப்பொருளை நாம் கவனிக்க வேண்டும். 'இராஜாம்பாள்' நாவலில், விருப்பமில்லாத திருமணத்தின் நிழல் ஒரு பெண்ணின்மீது விழுவதிலிருந்தே சூழ்ச்சிகள் தொடங்குகின்றன. வடுவூராரின் 'மேனகா' கணவன் வீட்டில் நாத்தனார்களின் கொடுமைக்கு ஆளாகும் ஓர் இளம்பெண்ணின் கதை. அவள் சூழ்ச்சியால் வீட்டைவிட்டு அகற்றப்படுவதும், ஓடிப்போனவள் என்று பழி சுமத்தப்படுவதுமே அதன் மர்மம். மேலைநாட்டு மாதிரிகளிலிருந்து கதைப்பின்னல் வந்திருக்கலாம். ஆனால் குற்றத்தின் காரணங்கள் தமிழ் வீட்டிலிருந்தே வந்தன: வரதட்சிணை, இளமை மணம், விதவையின் சொத்து, தத்து எடுத்தல், பங்காளிப் பகை. வெளிப்படையாகப் பேசத் தயங்கிய இவற்றை வாசகர்கள் 'கதைதானே' என்னும் பாதுகாப்போடு பேசிக்கொள்ள இந்நாவல்கள் இடமளித்தன.

திரைப்படமும் இவற்றை விரைந்து எடுத்துக்கொண்டது. 'மேனகா', 'இராஜாம்பாள்' ஆகிய இரண்டும் 1935இல் படங்களாயின. வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்னும் பெயரில் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. பின்னாளில் வில்லன் வேடங்களுக்குப் பெயர்பெற்ற எம். என். நம்பியார் அதில் துப்பறியும் நாயகராகப் பல வேடங்களில் தோன்றினார்.

எதிர்ப்பும் அதன் உட்பொருளும்

இந்த வாசிப்பு எதிர்ப்பின்றி வளரவில்லை. நாவல் ஒழுக்கத்தைக் கெடுக்கும், மாணவரின் படிப்பைக் கெடுக்கும், குறிப்பாகப் பெண்களின் மனத்தைக் கலைக்கும் என்று அக்காலப் பெரியோர் பலர் எழுதினர். வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் இந்த அச்சத்தின் வேரை ஆராய்ந்துள்ளார். முன்பு நூல் என்பது பலர் கூடியிருக்க உரக்கப் படிக்கப்பட்டது. நாவலோ தனியே, வாய்திறவாமல் படிக்கப்பட்டது. உரக்கப் படிப்பவர் என்ன படிக்கிறார் என்பதை வீடே அறியும். மௌனமாகப் படிப்பவரின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை ஒருவரும் அறியார். அச்சம் அங்கிருந்தே பிறந்தது.

இந்த எதிர்ப்பைக் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கவும் கூடாது. தனித்தமிழ் இயக்கத்தின் தலைமகனான மறைமலை அடிகளே, ரெயினால்ட்ஸின் நாவல் ஒன்றைத் தழுவி 1911இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்னும் நூலை எழுதினார். எந்த மேலைநாட்டு எழுத்தாளரின் பெயரைச் சொல்லித் துப்பறியும் நாவலாசிரியர்களைக் குறை கூறினார்களோ, அவரிடமிருந்தே ஒரு பேரறிஞர் தூய தமிழ் உரைநடைக்குப் பொருள் தேடினார். மொழியை வளர்க்க விரும்புவோர் விறுவிறுப்பான கதையின் ஆற்றலைப் புறக்கணிக்க முடியாது என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.

எழுதத் தொடங்கிய குடும்பத் தலைவி

வாசிப்பால் கெடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பெண்களுள் ஒருவரே பின்னர் இத்துறையில் எழுத்தாளரானார். 1901இல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள், வழக்கப்படி சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்டவர். முறையான பள்ளிக்கல்வி பெறாதவர். எழுதப் பழகாத நிலையில், தம் முதல் நாடகத்தை அவர் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, அதில் 'வைதேகி' என்னும் நாவலைத் தொடராக வெளியிட்டார். அது துப்பறியும் பாங்கில் அமைந்த கதை. தொடக்கத்தில் வடுவூராரின் துணையும் அவருக்குக் கிடைத்தது. பின்னர் 115 நாவல்களை எழுதினார், இதழை நடத்தினார், மேடையில் பேசினார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார்.

மாமியார், நாத்தனார், மருமகள், சமையல், குழந்தை என்னும் அன்றாட வட்டத்திற்குள் நின்றபடியே ஒரு பெண் மர்மக்கதையை எழுதினார். அதே வட்டத்திலிருந்த மற்றப் பெண்கள் அதைப் படித்தனர். குடும்பக் கடமையும் மர்ம வாசிப்பும் ஒன்றையொன்று விலக்கும் என்னும் எண்ணத்திற்கு அவருடைய வாழ்வே மறுப்பாகும். 'ஜகன்மோகினி'யைக் கையில் எடுத்த பெண்ணுக்கு அடுத்த இதழ் வரும்வரை ஒரு கேள்வி மனத்தில் இருந்தது. அக்கேள்வியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பகிர்ந்துகொண்டபோது, வீட்டு வேலைகளுக்கு இடையே ஒரு வாசகர் வட்டம் உருவாயிற்று.

தொடர்கதையும் கல்வெட்டும்

1940களில் வார இதழ்கள் இந்த வட்டத்தை மேலும் விரித்தன. 'ஆனந்த விகட'னில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இவ்வகையைச் சிரிப்போடு திருப்பிப் போட்டது. அறிவுக் குறைவாகக் கருதப்பட்ட ஒரு வங்கி எழுத்தர், தற்செயலாகவே குற்றங்களைக் கண்டுபிடித்துப் பெரும்புகழ் பெறுகிறார். அதே தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' ஒரு கொலை வழக்கின் விசாரணையை நீதிமன்றத்திலேயே வைத்து விரிக்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, ஐயத்தின் பலன் ஆகிய கருத்துகளைச் சட்டப் படிப்பில்லாத வாசகர்கள் இத்தகைய கதைகளின் வழியே அறிந்துகொண்டனர்.

வரலாற்று மர்மத்தின் உச்சம் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்த அந்நாவலை இன்று நாம் சோழர் பெருமையின் கதையாகவே பெரிதும் பேசுகிறோம். அதன் நடுவில் இருப்பது ஒரு கொலை. சுந்தர சோழரின் மூத்த மகனும் பட்டத்து இளவரசனுமாகிய ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் கேள்வியைக் கல்கி இறுதிவரை முற்றாக அவிழ்க்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்க, வாரம் முழுவதும் விவாதிக்க, பின்னர் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிப் பாதுகாக்க என்று ஒரு வீட்டுப் பண்பாடே இத்தகைய தொடர்கதைகளைச் சுற்றி வளர்ந்தது. மணியம் வரைந்த ஓவியங்களோடு கட்டப்பட்ட அத்தொகுதிகள் பல வீடுகளில் தலைமுறை தாண்டியும் இருந்தன.

கதைக்குப் பின்னால் உள்ள வரலாற்றுச் சான்று இன்னும் வியப்பானது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உள்ளது. அவன் அரியணையேறியது 985இல். கரிகாலன் கொலையுண்டதோ அதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. இடைப்பட்ட காலத்தில் ஆண்டவன் உத்தம சோழன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அக்கல்வெட்டு குறிப்பிட்டு, அவர்களுடைய உடைமைகள் தொடர்பான ஆணையைப் பதிவு செய்கிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இக்கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பிருக்கலாம் என்று ஐயுற்றார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். ஆயிரம் ஆண்டு கழிந்தும் வழக்கு முடிவடையவில்லை.

இக்கல்வெட்டில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. ஆணை குற்றவாளிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவியர், பெரியப்பன்மார் வழியினர், தாயுடன் பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர், மகள்களை மணந்தவர் என்று அது உறவுமுறைகளை அடுக்கிக்கொண்டே செல்கிறது. ஓர் அரசியல் கொலையின் ஆவணம் ஒரு குடும்ப மரமாக விரிகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை வைத்தே தண்டனையின் எல்லை வரையப்படுகிறது. மர்மமும் குடும்பமும் தமிழில் பிரிக்க முடியாதவை என்பதைக் கல்லே சொல்கிறது.

கடல் கடந்த வாசிப்பு

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இக்கதைகள் எப்படி வந்தன? தமிழ் அச்சு இங்கு வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. 1887இல் 'சிங்கை நேசன்' வெளிவரத் தொடங்கியது. 1924இல் 'தமிழ் நேச'னும் 1935இல் 'தமிழ் முர'சும் தோன்றின. மலாயாவில் எழுந்த முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர்கள் சுட்டுவது 1917இல் வெளிவந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. 'அல்லது' இட்டு இரட்டைத் தலைப்பு வைக்கும் அந்த முறை, அக்காலச் சென்னை நாவல்களின் முறையே. இங்குள்ளோர் அங்குள்ள நாவல்களின் போக்கை அறிந்தே எழுதினர் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த கப்பல்கள் மக்களோடு நூல்களையும் இதழ்களையும் கொண்டுவந்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அந்தத் தொடர்பு அறுந்தது. போருக்குப்பின் இதழ்கள் மீண்டும் வந்தபோது, ஒரு பிரதி பல கைகள் மாறுவது இயல்பாயிற்று. தோட்டப்புற லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கும் பழைய வழக்கம் நீடித்தது. தமிழகத்தில் மௌன வாசிப்பு வளர்ந்த பின்னரும், கூட்டு வாசிப்பு இம்மண்ணில் சற்று நெடுங்காலம் உயிரோடிருந்தது எனலாம்.

கதைகளும் இத்திசையை நோக்கி வந்தன. சாண்டில்யனின் 'கடல் புறா' பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயப் பேரரசின் கடற்பரப்பை நோக்கி நகர்கிறது. அப்பேரரசின் எல்லைக்குள் இருந்த கடாரமே இன்றைய கெடா. அதைப் படித்த கெடா மாணவர், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் எச்சங்களைப் புதிய கண்ணோடு பார்த்திருப்பார். தமிழ்வாணனின் சங்கர்லாலும் நாடு நாடாகச் சென்று துப்பறிந்தவர், தேநீர்ப் பிரியர். தமிழ்வாணன் இயன்றவரை பிறமொழிக் கலப்பின்றி எழுதினார். துப்பாக்கியும் துரத்தலும் நிறைந்த கதையை நல்ல தமிழில் எழுத முடியும் என்று இளையோர் அவர் வழியே கண்டனர்.

1968இல் 'குமுத'த்தில் வந்த 'நைலான் கயிறு' முதல், சுஜாதா புதிய உரைநடையை அளித்தார். அவருடைய வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும், உரையாடலாலேயே கதையை நகர்த்தினர். 'கொலையுதிர் கால'த்தில் அறிவியலும் அமானுடமும் மோதினாலும், அதன் அடித்தளம் ஓர் இளம்பெண்ணுக்குரிய பரம்பரைச் சொத்தே. 1980களில் மாத நாவல்களின் காலம் வந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இருவர் இணைந்து எழுதிய சுபா ஆகியோரின் நூல்கள் மலிவு விலையில் பேருந்து நிலையங்களிலும் மளிகைக் கடைகளிலும் தொங்கின. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா என்னும் மனைவி உண்டு. மேலைநாட்டின் பெயர்பெற்ற துப்பறிவாளர் பலர் தனியர். தமிழ்த் துப்பறிவாளர்களுள் பலர் வீடும் துணையும் உடையவர்கள். வாசகக் குடும்பம் தன்னைப்போன்ற ஒரு வீட்டையே கதையிலும் எதிர்பார்த்தது.

குறைகளைக் கூறாமல் விடலாகாது

இந்த மரபை முழுமையாகப் போற்றுவது வரலாற்று நேர்மையாகாது. முற்கால நாவல்களில் பல, மூலத்தைச் சொல்லாமல் தழுவியவை. சில சாதிகளையும் சமயத்தவரையும் இயல்பிலேயே குற்றவாளிகளாகக் காட்டும் போக்கு அவற்றில் உண்டு. மாத நாவல்களின் அட்டைகள் பெண்ணுடலை விற்பனைப் பொருளாக்கின. கொலையுண்ட பெண்ணின் துயரைவிடக் கொலையின் பரபரப்பே முதன்மை பெற்ற கதைகளும் பலவுண்டு. வரலாற்று நாவல்களில் மற்றொரு சிக்கல். கல்கியின் கற்பனைப் பாத்திரமாகிய நந்தினியை உண்மையில் வாழ்ந்தவள் என்று நம்புவோர் இன்றும் உளர்.

ஆயினும், இக்குறைகள் வகுப்பறையில் நூலை மூடிவைக்கக் காரணமாகா. அவை திறந்து பேச வேண்டியவை. 'கல்வெட்டில் உள்ளது எது, கல்கி கற்பித்தது எது?' என்று மாணவரைப் பிரித்தெழுதச் செய்தால், அதுவே வரலாற்று முறையியலின் முதற்பாடமாகும். ரவிதாசன் கல்லில் இருக்கிறான், நந்தினி இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைத் தானாகக் கண்டறிந்த மாணவர், சான்று என்றால் என்ன என்பதை மறவார்.

வீட்டுமொழியும் மர்மக்கதையும்

இன்றைய நிலைக்கு வருவோம். சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 27.9 விழுக்காடு. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. ஆயினும் பள்ளி முடிந்தபின் மாணவர் எம்மொழியில் படிக்கிறார் என்னும் கேள்வி அங்கும் எழுகிறது. தேர்வுக்காகப் படிக்கும் மொழி தேர்வோடு நின்றுவிடும். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று அறியப் படிக்கும் மொழியே வீட்டில் நிலைக்கும்.

இங்கே மர்மக்கதைக்கு உரிய ஒரு தனித்தன்மையைச் சுட்ட விரும்புகிறோம். குற்றத்தின் நோக்கத்தை அறிய, உறவைத் துல்லியமாக அறிய வேண்டும். ஒரு பெண்ணின் சொத்தை அபகரிக்க முயன்றவர் அவளுடைய 'அங்கிள்' என்று சொன்னால் வழக்கு நகராது. அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா, அத்தையின் கணவரா? பெரியப்பா என்றால் பங்காளி. பரம்பரைச் சொத்தில் உரிமை உடையவர். தாய்மாமன் என்றால் அந்த உரிமை இல்லை. ஆனால் தன் மகனுக்கு அவளை மணமுடிக்கக் கேட்கும் வழக்கம் உண்டு. ஒரே சொல் மாறினால் நோக்கமே மாறிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் உடையார்குடியில் கல்வெட்டிய எழுத்தர் இந்தத் துல்லியத்தை அறிந்திருந்தார். நம் வீடுகளில் அனைவரும் 'அங்கிள்', 'ஆண்ட்டி' ஆகிவரும் காலத்தில், அத்துல்லியத்தைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு நல்ல மர்மக்கதையின் வழியே மாணவர் எளிதில் கைக்கொள்வர்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை பல. வயதுக்குப் பொருந்தும் ஒரு துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தைத் தராமல் நிறுத்தி, மாணவர் வீட்டில் பெற்றோரோடும் தாத்தா பாட்டியோடும் பேசி முடிவை ஊகித்து வரச் சொல்லலாம். அப்போது தமிழ் வீட்டுப்பாடமாக இல்லாமல், உணவு மேசையில் பேசும் பொருளாகும். சந்தேகத்திற்குரியோரின் உறவுமரத்தை வரையச் செய்யலாம். 'ஆகவே', 'ஆயினும்', 'எனில்', 'ஒருவேளை' ஆகிய இணைப்புச் சொற்களைத் துப்பு ஆராயும் உரையாடலில் பயன்படுத்தச் செய்யலாம். வாதமொழி அதைவிட இயல்பாக அமையும் இடம் அரிது. பெற்றோரின் இளமைக்கால மாத நாவல் நினைவுகளைப் பேட்டி கண்டு பதிவு செய்யச் சொன்னால், அது இம்மண்ணின் வாசிப்பு வரலாற்றுக்கே ஓர் ஆவணமாகும்.

நல்லதங்காளின் கிணற்றிலிருந்து கணேஷ், வசந்தின் வழக்குகள் வரை தமிழ்க் குடும்பம் தன் அச்சங்களை வாசித்தே வந்திருக்கிறது. சோறு பொங்கும் நேரத்தில் இரண்டு பக்கம், பிள்ளை உறங்கியபின் ஓர் அத்தியாயம் என்று அந்த வாசிப்பு அன்றாடத்தின் இடைவெளிகளில் நிகழ்ந்தது. பெரியோர் அதைக் கண்டித்தனர். பள்ளிகள் அதைப் புறக்கணித்தன. இருப்பினும் தமிழை ஒவ்வொரு நாளும் கையில் எடுக்க வைத்தது அதுவே. மாணவர் ஒருவர் பாடநூலுக்கு அடியில் ஒரு தமிழ் மர்ம நாவலை மறைத்து வைத்திருப்பதைக் கண்டால், ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'கொலையாளி யார் என்று நினைக்கிறாய்?'